லண்டனிலிருந்து சுவிஸுக்கு வேனில்: பால்மாவை இறக்கிவிட்டு ஏறுங்கள்

ஹட்டனிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "ஜூலையில் லண்டனில் இருக்கும் மகளிடம் போகிறேன். மருமகன் கேம்பர்வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, டோவரில் கப்பலேறி, பிரான்ஸ் வழியாகச் சுவிஸில் உள்ள என் தம்பி வீட்டுக்குக் கூட்டிப்போகிறாராம். பேரனுக்கு ஒன்பது மாதம். சமையல் எல்லாம் வேனில்தான். தேயிலை, பால்மா, மாசி, நெய், கறிவேப்பிலை, வெற்றிலை, தம்பிக்கு ஒரு போத்தல் சாராயம் கொண்டுபோக ஆசை. எதை விடுவார்கள், எதைப் பறிப்பார்கள்?"

அம்மா, முதலில் எல்லைகளை எண்ணிப் பாருங்கள். கட்டுநாயக்கவில் ஏறி லண்டனில் இறங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். உங்கள் பயணத்தில் போகும்போது மட்டும் மூன்று வாசல்: லண்டன் விமான நிலையம், பிரான்ஸின் கலே துறைமுகம், சுவிஸ் எல்லை. திரும்பும்போது மறுபடியும் வாசல்கள். ஒன்றில் விட்ட சாமான் அடுத்ததில் பிடிபடும். வேனில் இருக்கிற குளிர்சாதனப் பெட்டியும் உங்கள் பயணப்பைதான். அது வீட்டுச் சமையலறை என்று எந்த அதிகாரியும் நினைக்கமாட்டார்.

2020 முடியும்வரை டோவருக்கும் கலேக்கும் இடையில் சாப்பாட்டுக்குத் தடை எதுவும் இருக்கவில்லை. 2021 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு பிரித்தானியாவும் இலங்கையைப் போல ஒரு வெளிநாடு. அந்த மாதமே நெதர்லாந்துத் துறைமுகம் ஒன்றில், பிரித்தானியாவிலிருந்து வந்த சாரதிகளின் ஹாம் சான்ட்விச்சுகளைச் சுங்கத்தார் பறித்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பாணையாவது வைத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். அதுவும் கிடையாது என்றுவிட்டார்கள்.

இதை வரிப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். பயம் மாட்டுக்கும் பன்றிக்கும் வரும் நோயைப் பற்றியது. 2001இல் பிரித்தானியாவில் கால்-வாய் நோய் (கோமாரி) பரவியபோது 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். 2025 ஜனவரியில் அதே நோய் ஜெர்மனியில் தலைகாட்டியது; பிறகு ஹங்கேரி, ஸ்லோவாக்கியா. இதை மனதில் வைத்தால் எந்தச் சாமானில் சிக்கல் வரும் என்று பாதியை நீங்களே ஊகித்துவிடலாம்: இறைச்சி, பால், பச்சை இலை, பச்சைக் காய்.

பால்மாவுக்கு வருவோம். நம் ஊரில் பால்மா போடாத தேத்தண்ணி தேத்தண்ணியே இல்லை, எனக்கும் அப்படித்தான். ஆனால் அது பால் பொருள். இங்கிருந்து லண்டனுக்குள்ளும் போகாது, லண்டன் கடையில் வாங்கிய பைக்கட் கலேக்குள்ளும் போகாது. எங்கே வாங்கினீர்கள், உறை உடைக்கப்படாததா என்பதெல்லாம் கணக்கில் வராது. நெய், தயிர், சீஸ், டின் பால் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மகள் சமைத்து உறையவைத்த ஆட்டிறைச்சிக் கறியும் வேண்டாம். கலே தாண்டியதும் முதல் சூப்பர் மார்க்கெட்டில் பால் வாங்கிக்கொள்ளுங்கள். பிரான்ஸில் பாலுக்கா பஞ்சம்!

பேரனுக்குரிய பால்மா வேறு கணக்கு. கைக்குழந்தைக்கான பால்மாவும் குழந்தை உணவும் ஆளுக்கு 2 கிலோ வரை கொண்டுபோகலாம். திறப்பதற்கு முன் குளிரூட்டத் தேவையில்லாததாகவும், கடையில் விற்கும் பெயருள்ள தயாரிப்பாகவும் இருக்கவேண்டும். உறை உடையாமல் இருக்கவேண்டும்; இப்போது பாவிக்கும் டின் மட்டும் திறந்திருக்கலாம். பெரியவர்கள் குடிக்கும் பால்மாவும் அதே வெள்ளைத் தூள்தானே என்று இதற்குள் சேர்த்துவிடாதீர்கள். அதிகாரி பார்ப்பது லேபிளை. வேறு போத்தலில் கொட்டி எடுத்துப் போவதும் சரிவராது.

மாசிக்கு நல்ல செய்தி. மீன் பொருட்கள் ஆளுக்கு 20 கிலோ வரை பிரித்தானியாவிலும் ஒன்றியத்திலும் விடப்படுகின்றன. கருவாடும் அதற்குள் அடங்கும். சீனிச் சம்பல், கட்ட சம்பல் போத்தல்களையும் தாராளமாக எடுங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: அந்தச் சின்ன வேனுக்குள் மாசிப் பைக்கட்டை மூன்று நாள் திறந்து வைத்தால் மருமகன் முகம் எப்படி இருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டு சிப் பைக்குள் போட்டு, அதை இறுக மூடும் டப்பாவுக்குள் வையுங்கள்.

கறிவேப்பிலை, வெற்றிலைதான் பலர் ஏமாறும் இடம். ஒன்றியத்துக்குள் பச்சைத் தாவரப் பொருள் எதுவும் போகவேண்டுமானால் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். இலங்கையில் அதைக் கட்டுநாயக்கவிலுள்ள தாவரத் தொற்றுத்தடைகாப்பு சேவையில் எடுக்கலாம். ஒரு கட்டு வெற்றிலைக்காக அலையும் வேலை அல்ல அது. லண்டன் தமிழ்க் கடையில் கறிவேப்பிலை வாங்கிவிட்டேன் என்றாலும், கலேயில் அதுவும் சான்றிதழ் இல்லாத இலைதான். வேனில் மிஞ்சிய தக்காளி, பச்சை மிளகாய், உருளைக்கிழங்கு, லீக்ஸ் எல்லாம் அதே பட்டியலில் வரும். சான்றிதழ் வேண்டாம் என்று ஒன்றியம் விட்டிருப்பது ஐந்தே பழங்களை: அன்னாசி, வாழை, தேங்காய், டூரியான், பேரீச்சை. ஆக, ரொட்டிக்கும் சம்பலுக்கும் தேவையான தேங்காய் தப்பிவிட்டது! கறிவேப்பிலையும் வெற்றிலையும் பாரிஸ் லா சப்பல் தமிழ்க் கடைகளில் கிடைக்கும். ஆனால் கேம்பர்வேனோடு அந்தத் தெருக்களில் நிறுத்த இடம் தேடினால் அன்றைய பொழுது போய்விடும். நகருக்கு வெளியே நிறுத்திவிட்டு ரயிலில் போங்கள்.

தேயிலையில் பயமில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் தோட்டத்துத் தொழிற்சாலையில் வாங்கிய இரண்டு கிலோ பி.ஓ.பி. ரகத் தேயிலைத் தூளை, பெயர் எதுவும் இல்லாத காகிதப் பையில், நூலால் கட்டிப் பெட்டியில் போட்டிருந்தேன். வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில் அதிகாரி பையைப் பிரித்தார், விரல் நுனியில் தொட்டார், முகர்ந்தார், பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் முகர்ந்தார். முக்கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் விட்டார்கள், ஆனால் நான் ஏறவேண்டிய பேருந்து போய்விட்டது. அதனால் லேபிள் உள்ள பைக்கட்டாகவே எடுங்கள். கறித்தூளுக்கும் மிளகாய்த்தூளுக்கும் அப்படியே.

சாராயம்: பிரித்தானியா ஒருவருக்கு 4 லீற்றர் வரை விடும். அதை நம்பி நான்கு போத்தல் எடுத்துவிடாதீர்கள், இரண்டாம் வாசலில் சிக்கும். ஒன்றியத்துக்குள் 22 சதவீதத்துக்கு மேற்பட்ட மது ஆளுக்கு 1 லீற்றர்தான். சுவிஸ் 18 சதவீதத்துக்கு மேலேயே இந்தக் கணக்கைத் தொடங்குகிறது, அளவு அதே 1 லீற்றர். இரண்டு இடத்திலும் 17 வயது நிரம்பியவருக்குத்தான் இந்தச் சலுகை. ஆகவே 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று பிரச்சினையில்லாமல் தம்பி கைக்குப் போய்ச் சேரும்.

பிரான்ஸுக்குள் நுழைந்துவிட்டால் சுவிஸ் எல்லைவரை நிம்மதி. அங்கே வாங்கிய சீஸையும் இறைச்சியையும் சுவிஸுக்குள் கொண்டுபோகலாம், ஆனால் இறைச்சி ஆளுக்கு ஒரு நாளைக்கு 1 கிலோ, வெண்ணெயும் கிரீமும் சேர்த்து 1 கிலோ, அதற்கு மேல் தீர்வை. வரி கட்டாமல் கொண்டுபோகும் சாமான்களின் மொத்தப் பெறுமதிக்கும் உச்சவரம்பு உண்டு: ஆளுக்கு 150 பிராங்க். 2024 வரை அது 300. தம்பி பழைய கணக்கைச் சொன்னால் திருத்திவிடுங்கள்.

டோவருக்குப் புறப்படும் முதல் நாள் இரவு மருமகனைக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து காலி செய்யச் சொல்லுங்கள். கதவுத் தட்டில் பாதி மிஞ்சிய வெண்ணெய், குளிரில் ஒட்டிக்கிடக்கும் சொசேஜ், இவைதான் எப்போதும் கண்ணில் படாமல் தங்கிவிடும். சந்தேகமான சாமான் ஏதும் இருந்தால் அதிகாரி தேடும்வரை காத்திருக்காமல் நீங்களே காட்டிவிடுங்கள். சாமான் போனாலும் தண்டம் வராது.

திரும்பும்போது இதே வேலை கலேக்கு முன்னால். 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பாவிலிருந்து மாடு, ஆடு, பன்றி இறைச்சியும் பால் பொருட்களும் பிரித்தானியாவுக்குள் தனிப்பட்ட பாவனைக்கும் கொண்டுவர முடியாது. சான்ட்விச்சுக்குள் இருந்தாலும், வரியில்லாக் கடையில் வாங்கியதானாலும் அப்படித்தான். பாரதூரமாக மீறினால் 5,000 பவுண் வரை தண்டம். தம்பி கட்டித்தரும் சீஸை வழியிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். சொக்லட் பெட்டிகளை லண்டன்வரை கொண்டுபோகலாம்.