பேப்பர் பப்ளிஷ் ஆன பிறகு விஞ்ஞானியோட லேப் நோட்டை எதுக்கு பாதுகாக்கணும்?

ரிசல்ட்தான் பேப்பர்லயே வந்துடுச்சே, அப்புறம் பழைய நோட்டை எதுக்கு ஆர்க்கைவ்ல வைக்கணும்னு கேட்டிருக்கீங்க. எலக்ட்ரானோட சார்ஜை அளந்த அமெரிக்க இயற்பியல் விஞ்ஞானி ராபர்ட் மில்லிகன் நோட்டை பார்த்தா புரியும்.

அவர் அதுக்கு பண்ணது ஆயில் டிராப் எக்ஸ்பெரிமென்ட், சார்ஜ் உள்ள எண்ணெய்த் துளிகளோட வேகத்தை வச்சு எலக்ட்ரான் சார்ஜை கணக்கு போடறது. எம்.எஸ்ஸில நானும் அதை பண்ணிருக்கேன். இருட்டு ரூம்ல மைக்ராஸ்கோப்ல கண்ணை வச்சு, ஒரு துளி கோட்டுக்கு கோடு இறங்குற நேரத்தை ஸ்டாப்வாட்ச்ல புடிக்கணும், அப்புறம் வோல்டேஜ் குடுத்து அதே துளியை மேல ஏத்தி மறுபடி டைம் எடுக்கணும், பாதி துளி நடுவுலயே காணாம போயிடும். அப்சர்வேஷன் நோட் முழுக்க அடிச்சல் திருத்தல், ரெக்கார்ட் நோட்ல நல்ல ரீடிங் மட்டும்தான் ஏறும். மில்லிகனோட 1913 பேப்பர் ரெக்கார்ட் நோட்னா, கால்டெக் (கலிஃபோர்னியா இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) ஆர்க்கைவ்ல இருக்கறது அவரோட அப்சர்வேஷன் நோட்.

பேப்பர்ல 58 துளி. இது பொறுக்கி எடுத்ததில்ல, தொடர்ந்து 60 நாள்ல பார்த்த எல்லா துளியும் இதுதான்னு எழுதிட்டார். நோட்ல அந்த நாட்கள்ல மட்டும் 100க்கு மேல இருக்கு, சிலதுக்கு பக்கத்துல அழகு, இதை கண்டிப்பா பப்ளிஷ் பண்ணணும்னும், சிலதுக்கு ரொம்ப கம்மியா வருது, ஏதோ தப்புன்னும் குறிச்சிருக்கார்.

உடனே ஃப்ராடுன்னு சொல்லாதீங்க. ரொம்ப சின்ன துளி காத்துல அலையும், பெருசு சர்ருன்னு விழுந்துடும், அதை விடறதுக்கு காரணம் இருக்கு. பின்னாடி ஆலன் ஃபிராங்க்ளின்ங்கற அறிவியல் வரலாற்று ஆய்வாளர், மில்லிகன் விட்ட துளிகளையும் சேர்த்து கணக்கு போட்டு பார்த்தார், எலக்ட்ரான் சார்ஜ் பெருசா மாறவே இல்ல. மில்லிகன் வேல்யூ 4.774, இன்னைக்கு 4.803 (பத்தின் அடுக்கு மைனஸ் 10, சார்ஜை அளக்கற இ.எஸ்.யூங்கற யூனிட்ல). அந்த 0.6 சதவீதம் கம்மியானதுக்கு முக்கிய காரணம் அவர் எடுத்துக்கிட்ட காத்தோட விஸ்காசிட்டி (பிசுக்குத்தன்மை) வேல்யூ. இவ்ளோ நல்ல வேலைக்கு அந்த 'எல்லா துளியும்'ங்கற வாக்கியம் தேவையே இல்ல, அதான் எனக்கு வருத்தம்.

இன்னொரு வருத்தம் ஹார்வி ஃப்ளெட்சர். மில்லிகனோட ஸ்டூடண்ட், அந்த செட்டப்ல கூடவே உழைச்சவர், ஆனா இந்த எக்ஸ்பெரிமென்ட் பத்தின 1910 பேப்பர்ல அவர் பேர் இல்ல. பிஎச்டிக்காக வேற ஒரு பேப்பர்ல தன் பேர் மட்டும் வர்ற மாதிரி மில்லிகன்கூட பேசி முடிச்சதா ஃப்ளெட்சர் எழுதி வச்சது 1981ல அவர் இறந்த பிறகுதான் வெளிவந்துச்சு. மில்லிகனுக்கு 1923ல நோபல்.

கால்டெக் அந்த நோட்டுகளை ஸ்கேன் பண்ணி நெட்ல போட்டிருக்காங்க. ஒவ்வொரு துளிக்கும் ஒரு பக்கம், டைம் எல்லாம் வரிசையா, பக்கத்துலயே கைக்கணக்கு. பிராக்டிகல் பண்ற பசங்க ஒருநாள் உக்காந்து பாருங்க.