வெல்ட் பண்ணி வளைஞ்ச பீம்: சூட்டை எந்தப் பக்கம் போடுறது?

வெள்ளவத்தையில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா: மாடி அறைக்கு எடுத்த 5 மீட்டர் ஐ பீமின்ர கீழ்ப் பக்கத்தில நீளத்துக்கு பிளேட் வெல்ட் பண்ணினாப் பிறகு நடு 15 மில்லி மேல எழும்பிட்டுதாம், வெல்டிங் பாஸ் காஸ் டோர்ச்சால சூடாக்கித் தண்ணி ஊத்தினாச் சரி எண்டுறாராம், கொன்ட்ராக்டர் புதுசுதான் வாங்கோணும் எண்டுறாராம்.

அக்கா, பீமை எறியாதேங்கோ. பாஸ் எந்தப் பக்கம் சூடு போடப்போறார் எண்டு கேளுங்கோ, வெல்ட் பக்கம் எண்டா உடன நிப்பாட்டுங்கோ. வெல்ட் ஆறேக்க சுருங்கிக் கீழ்ப் பக்கம் கட்டையானதாலதான் நடு எழும்பினது, அங்கயே திரும்பச் சூடு போட்டா இன்னும் கட்டையாகும். புடைச்சு நிக்கிற மேல் பக்கத்தைத்தான் சூடாக்கோணும். சூடான துண்டு விரியப் பாக்கும், சுத்தியிருக்கிற குளிர் இரும்பு விடாது, அதால அந்த இடத்திலயே தடிச்சு ஆறேக்க முந்தியதை விடக் கட்டையா வரும்.

மேல், கீழ்த் தகடுகளுக்கு நடுவில நிமிர்ந்து நிக்கிற தகட்டில சோக்கால முக்கோணம் கீறுங்கோ, கூர் கீழ, அகலம் மேல. கூரில இருந்து டோர்ச்சை மேல கொண்டுபோய், பிறகு மேல் தகட்டில அதே அகலத்துக்குக் குறுக்க. இரும்பு வெட்டுற கட்டிங் நொசில் வேண்டாம். சூடு போடேக்க வளைவு கூடும், கீழ நூல் பிடிச்சா இடைவெளி பெருக்கிறது கண்ணுக்கே தெரியும், பயந்து தண்ணி ஊத்திப்போடாதேங்கோ, கை வைக்கிற அளவுக்கு ஆறினாப் பிறகு அளந்திட்டு அடுத்த முக்கோணம், வேற இடத்தில.

சூடு 600இல இருந்து 650 பாகை, மங்கின சிவப்பு. கொழும்பு மத்தியான வெயிலில அந்தச் சிவப்பு தெரியாது, அதாலதான் பாஸ்மார் மஞ்சளாகுமட்டும் எரிக்கினம், பின்னேரம் நிழலில செய்யச் சொல்லுங்கோ. சிவந்த இரும்பில தண்ணி பட்டா சில கிரேட் (தர) இரும்பு இறுகி வெடிக்கும், உங்கட பீம் என்ன கிரேட் எண்டு பில்லில எழுதித் தாற கடை எத்தினை இருக்கு? கேட்டா எங்களைத்தான் விசரர் மாதிரிப் பாக்கினம்.

"பழசை நானே ஏத்திக்கொண்டு போறன்" எண்டு கொன்ட்ராக்டர் சொன்னா கவனம். அப்பிடி ஏத்தின ஒரு பீம் இன்னொரு வீட்டில புது விலைக்கு நிண்டதைக் கண்டனான், கிரைண்டரால தேய்ச்ச வெல்ட் தடம் பெயின்டுக்குக் கீழ அப்பிடியே தெரிஞ்சது.

ஒண்டு மட்டும், பீம் ஏற்கனவே கொங்கிரீட் சிலப்பைத் தாங்கி நிண்டா டோர்ச்சைக் கிட்டயும் கொண்டுபோக வேண்டாம். 600 பாகையில இரும்பின்ர பலம் பாதிக்கும் கீழ போயிடும். கொஞ்சம்தானே, ஒரு நிமிஷம்தானே எண்டுவினம், விடாதேங்கோ, கீழ முட்டுக் குடுத்திருக்கு எண்டாலும் இன்ஜினியர் வந்து பாக்காம விடாதேங்கோ. உங்கட பீம் இன்னும் முத்தத்தில கிடக்கிறபடியா பயமில்லை. கடைசியில 4, 5 மில்லி மேல நிண்டா அதோட விடுங்கோ, சிலப் பாரம் ஏறேக்க நடு இறங்கும்.