ஓடு இருந்தாலும் அது ஆக்டோபஸ்தான்

கரையில் கிடைத்த வெள்ளை ஓட்டுக்குள் எட்டுக் கை உயிரி இருந்தது, அது நாட்டிலஸா (ஆக்டோபஸுக்கு உறவான, ஓடுள்ள கடலுயிரி) ஆக்டோபஸா என்று கேட்டிருந்தீர்கள். எட்டுக் கைகள், அவற்றில் உறிஞ்சிகள் என்றால் சந்தேகமே வேண்டாம். அது ஆர்கோனாட் என்னும் ஆக்டோபஸ் வகை. நாட்டிலஸுக்கு உறிஞ்சிகளே கிடையாது.

ஓட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காகிதம்போல மெல்லியதாக, உள்ளே தடுப்பறைகள் இல்லாமல் இருக்கும். பெண் தன் இரண்டு கைகளின் அகன்ற சவ்விலிருந்து சுரந்து கட்டும் முட்டைத்தொட்டில் அது. வேறு உயிரியின் ஓட்டைத் திருடுகிறது என்றே பலரும் நம்பியிருந்தார்கள். 1830-களில் சிசிலியின் மெஸ்ஸினாவில் ழான் வில்ப்ரோ-பவர் என்ற பெண்மணி தொட்டியில் வளர்த்து, உடைந்த ஓட்டை அதுவே சரிசெய்வதைக் காட்டினார். எனக்கு மிகவும் பிடித்த சோதனை!

அப்புறம், உள்ளே புழு மாதிரி ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இனச்சேர்க்கையின்போது ஆணிடமிருந்து கழன்ற கையாக இருக்கலாம். பிரெஞ்சு விலங்கியலாளர் குவியேகூட 1829-இல் அதை ஒட்டுண்ணிப் புழு என்றே நினைத்துப் பெயரிட்டார்.