ஃப்ளாஷை எங்கே நிறுத்துவது? வாசகர் கேள்வி-பதில்

கேமராவிலிருந்து கழற்றித் தனியே வைத்த ஃப்ளாஷ், ஸ்டுடியோ விளக்கு இவற்றைக் கொண்டு முகப்படம் எடுப்பது பற்றிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். பாதிக்கு மேல் விளக்கின் தூரத்தைச் சுற்றியே வருவதால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

கேள்வி: ஃப்ளாஷுக்கு 60×60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் (முன்னால் வெள்ளைத் துணி போட்டு வெளிச்சத்தைப் பரப்பும் பெட்டி) வாங்கி மாட்டினேன். அப்படியும் மூக்கின் நிழல் கன்னத்தில் கூர்மையான விளிம்போடு விழுகிறது. இரண்டரை மீட்டர் தள்ளி வைத்திருக்கிறேன். சாஃப்ட்பாக்ஸ் தரமில்லாததா?

பதில்: பெட்டி மேல் குற்றமில்லை, இரண்டரை மீட்டர்தான் குற்றவாளி. நிழல் மென்மையாவதும் கூர்மையாவதும், முகம் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. பெட்டியின் அட்டையில் போட்டிருக்கும் அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டரை மீட்டரில் உங்கள் 60 செ.மீ. பெட்டி ஒரு சின்னச் சதுரம்; வெறும் ஃப்ளாஷை விடக் கொஞ்சம் தேவலாம், அவ்வளவுதான்.

பெட்டியின் மூலைக்கு மூலை நீளம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு தூரத்தில் முகம் இருக்கட்டும். 60×60க்கு மூலைவிட்டம் 85 செ.மீ. சட்டகத்தின் விளிம்பில் பெட்டியின் ஓரம் எட்டிப் பார்க்கும்வரை நகர்த்துங்கள். அதிலிருந்து ஒரு சாண் பின்னால் இழுத்தால் போதும். இடுப்பு வரை படம் வேண்டுமென்றால் 85 செ.மீ. போதாது, விளக்கைத் தள்ள வேண்டிவரும். அதற்கு 90 முதல் 120 செ.மீ. வரையிலான எண்கோணப் பெட்டியோ பெரிய வெள்ளைக் குடையோ எடுங்கள்.

நெருக்கி வைத்ததும் இரண்டு விஷயம் மாறும். ஒன்று, வெளிச்சம் எகிறும். 2 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு வந்தால் நான்கு மடங்கு, அதாவது 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது). பவர் 1/4ல் இருந்தால் 1/16க்கு இறக்குங்கள். இரண்டாவது, வெளிச்சம் சீக்கிரம் மங்கும். விளக்கிலிருந்து முகம் 70 செ.மீ.யிலும் அந்தப் பக்கத் தோள் 1 மீட்டரிலும் இருந்தால், தோளுக்குக் கிடைப்பது முகத்தில் விழுவதில் பாதிதான். தனி ஆள் படத்துக்கு இது அழகு. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் வம்பு: ஒருவர் வெளுப்பார், மற்றவர் இருட்டில் இருப்பார். அப்போது மட்டும் விளக்கைப் பின்னால் தள்ளி, இருவரும் விளக்கிலிருந்து சம தூரத்தில் இருக்கும்படி உட்காரச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஃப்ளாஷின் ஜூம் 105 மி.மீ.யில் நின்றிருந்தால், பெட்டியின் துணியில் நடுவில் மட்டும் ஒரு வெள்ளை வட்டம் பளீரென்று இருக்கும், ஓரங்கள் மங்கலாக இருக்கும். 60 செ.மீ. பெட்டிக்குக் காசு கொடுத்துவிட்டு 20 செ.மீ.யைப் பயன்படுத்துகிற கதை. ஜூமை 24 மி.மீ.க்கு மாற்றுங்கள், உள்துணியையும் கழற்றாமல் போடுங்கள். துணியை மட்டும் ஒரு படம் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேள்வி: வெயிலில் எஃப்/2.8ல் (லென்ஸ் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது) எடுத்தால் படத்தின் ஒரு ஓரத்தில் கறுப்புப் பட்டை வருகிறது. ட்ரிகர் (தனியே நிற்கும் ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து அடிக்கவைக்கும் கருவி) பழுதா?

பதில்: ட்ரிகர் நன்றாகத்தான் இருக்கிறது. ஷட்டர் வேகம் கேமராவின் சிங்க் வேகத்தைத் தாண்டிவிட்டது. ஷட்டரில் இரண்டு திரைகள். முதல் திரை முழுவதும் திறந்து, இரண்டாவது மூடத் தொடங்காத அந்தக் கணத்தில்தான் ஃப்ளாஷ் அடிக்க வேண்டும். பெரும்பாலான கேமராக்களில் இது 1/200 அல்லது 1/250 நொடி வரை நடக்கும். அதற்கு மேல் போனால் முதல் திரை முடிப்பதற்குள் இரண்டாவது கிளம்பிவிடுகிறது. அது மறைத்த பகுதியே உங்கள் பட்டை. நடு முனை மட்டும் உள்ள எளிய ட்ரிகர் என்றால், ஃப்ளாஷ் இணைந்திருப்பதே கேமராவுக்குத் தெரியாது. அதனால் வேகத்தைத் தடுக்காது. ரேடியோ ட்ரிகர் சிறிது தாமதிக்கும், ஆகவே 1/200ல் மெல்லிய பட்டை தெரிந்தால் 1/160க்கு இறங்குங்கள்.

எஃப்/2.8ஐ விடமாட்டேன் என்றால் இரண்டு வழி. எச்.எஸ்.எஸ். (ஹை-ஸ்பீடு சிங்க்) போட்டால் ஃப்ளாஷ் ஒரே அடியாக அடிக்காமல் துடிதுடித்து எரியும், எந்த வேகத்திலும் பட்டை வராது. ஆனால் 2 ஸ்டாப்போ அதற்கு மேலோ வெளிச்சம் போய்விடும். மற்றது என்.டி. ஃபில்டர், அதாவது நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கண்ணாடி. கணக்கு இதோ: ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 100ல் நல்ல வெயிலுக்கு எஃப்/16, 1/100. அதையே எஃப்/2.8க்கு மாற்றினால் 1/3200. 4 ஸ்டாப் ஃபில்டர் போட்டால் 1/200. சிங்க் வேகத்துக்குள் வந்துவிட்டீர்கள், ஃப்ளாஷின் முழுச் சக்தியும் கையில் இருக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: ஃபில்டர் ஃப்ளாஷ் வெளிச்சத்தையும் மறைக்கும், எனவே ஃப்ளாஷ் எஃப்/11க்கு உழைத்தாக வேண்டும். கையடக்க ஃப்ளாஷ் ஒன்று சாஃப்ட்பாக்ஸுக்குள்ளிருந்து இதைச் செய்ய, முழு பவரும் 1 மீட்டர் தூரமும் கேட்கும். எங்களைக் கேட்டால், அடிக்கடி வெயிலில் எடுப்பவர்கள் 200 ஜூல் பேட்டரி விளக்கு வாங்கிவிடுவது மேல்.

கேள்வி: ஷட்டர் 1/60 வைத்தாலும் 1/200 வைத்தாலும் முகத்தின் வெளிச்சம் மாறுவதே இல்லையே?

பதில்: மாறாது. கால் பவரில் ஃப்ளாஷ் எரியும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஷட்டர் கட்டுப்படுத்துவது அறையின் வெளிச்சத்தை மட்டும். முகத்துக்கு அப்பர்ச்சர் (லென்ஸ் துளை), ஐ.எஸ்.ஓ., பவர், தூரம் நான்கும்தான். முதலில் ஃப்ளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். முழுக் கறுப்பாக வந்தால் அறை வெளிச்சத்தின் தொல்லை இல்லை என்று பொருள்.

கேள்வி: இரண்டாவது ஃப்ளாஷை எஸ்1 ஸ்லேவில் (முதல் ஃப்ளாஷின் வெளிச்சத்தைப் பார்த்துத் தானும் அடிக்கும் முறை) வைத்தேன். கண்ணெதிரே அடிக்கிறது, படத்தில் அதன் வெளிச்சம் மட்டும் இல்லை!

பதில்: கேமராவில் உள்ள ஃப்ளாஷ் டி.டி.எல்.லில் (லென்ஸ் வழியே அளந்து கேமராவே பவரை முடிவுசெய்யும் முறை) இருக்கிறது. டி.டி.எல். அளந்து பார்க்க, ஷட்டர் திறப்பதற்கு முன்பே ஒரு சின்ன அடி அடிக்கும். எஸ்1 அதைப் பார்த்தே கிளம்பிவிடும். ஷட்டர் திறக்கும்போது ஸ்லேவ் காலியாகி நிற்கும். முதல் ஃப்ளாஷை மேனுவலுக்கு மாற்றுங்கள், அதுவே சுத்தமான வழி. அல்லது ஸ்லேவை எஸ்2வில் வையுங்கள். அது முதல் அடியை விட்டுவிட்டு அடுத்ததற்கு அடிக்கும். ரெட்-ஐ (கண் சிவப்பாகத் தெரிவது) குறைப்பு போட்டிருந்தால் முன்னடிகள் அதிகமாகி எஸ்2வும் ஏமாறும், அதை அணைத்துவிடுங்கள். வெயிலில் ஸ்லேவ் கண்ணை நம்ப வேண்டாம், ரேடியோ ட்ரிகர்தான்.

கேள்வி: கண்ணாடி அணிந்தவரை எடுத்தால் சாஃப்ட்பாக்ஸ் இரண்டு வெள்ளைச் சதுரமாகக் கண்ணை மறைக்கிறது.

பதில்: வெளிச்சம் எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும், திரும்பும் வழியில் கேமராவின் லென்ஸ் இருக்கிறது. விளக்கை ஓர் அடி உயர்த்தி, இன்னும் பக்கவாட்டில் நகர்த்துங்கள். முகத்தை விளக்குக்கு எதிர்ப்பக்கம் சிறிது திருப்பச் சொல்லுங்கள். அப்படியும் மிச்சமிருந்தால் கண்ணாடியின் காதுக்கம்பிகளைக் காதிலிருந்து 1 செ.மீ. தூக்கி வையுங்கள், கண்ணாடி கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்து, பிரதிபலிப்பு கேமரா லென்ஸுக்குக் கீழே போய்விடும். முன்னாலிருந்து பார்த்தால் காதுக்கம்பி தூக்கியிருப்பது தெரியாது. விளக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால் பிரேமின் நிழல் கண்ணுக்கு மேல் விழும், கண்குழி இருண்டுபோகும். இங்கே பெரிய பெட்டி எதிரி: பெரியது அதிகக் கோணங்களை அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக்காரர்களுக்கு 120 செ.மீ.யை விட 60 செ.மீ. பெட்டி எளிது.

கேள்வி: கறுத்த நிறம் உள்ளவர்களை எடுக்கும்போது பவரைக் கூட்டினால் நெற்றியும் மூக்கும் வெள்ளைத் திட்டாகப் பளபளக்கின்றன. குறைத்தால் முகமே தெரியவில்லை.

பதில்: இங்கே பவரைத் தொடவே கூடாது. தோலின் நிறம் ஒன்று, தோல்மேல் உள்ள எண்ணெய்ப் பசையும் வியர்வையும் எதிரொளிக்கும் மினுமினுப்பு இன்னொன்று. எந்த நிறத் தோலானாலும் மினுமினுப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். கறுத்த தோலில் சுற்றுப்புறம் அடங்கியிருப்பதால் துருத்திக்கொண்டு தெரிகிறது. சின்ன விளக்கு அந்த மினுமினுப்பை ஒரு புள்ளியில் குவிக்கும், பெரிய விளக்கு அதையே அகலமாகப் பரப்பும். பரந்து விழும் மினுமினுப்புதான் கறுத்த முகத்துக்குக் கன்ன எலும்பையும் தாடையையும் எடுத்துக் காட்டுவது. அதை ஒழிக்கப் பார்க்காதீர்கள், பரப்பப் பாருங்கள்.

120 செ.மீ. பெட்டியை 1 மீட்டருக்குள் கொண்டுவாருங்கள். அதன் நடுப்பகுதி முகத்தை நேரே பார்க்க வேண்டாம்; மூக்குக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தைப் பார்க்கும்படி திருப்பி, ஓரத்து வெளிச்சம் மட்டும் முகத்தைத் தொடட்டும். எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை ஒன்று, முகத்துக்கு 50 செ.மீ.க்குள். எண்ணெய்ப் பசையை மெல்லிய டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தோலை விட வெளிறிய பவுடர் போட்டால் ஃப்ளாஷில் சாம்பல் பூத்துவிடும். டி.டி.எல்.லும் வேண்டாம், கறுத்த முகம், கறுத்த உடை, கறுத்த பின்னணித் திரை என்றால் அது எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கப் பார்த்து அதிகமாக அடித்துத் தள்ளும். மேனுவலில் வைத்து, முகத்தருகே ஒளிமானியால் அளந்தால் நிறம் எதுவானாலும் அளவு மாறாது.

கேள்வி: வெள்ளைப் பின்னணித் திரை சாம்பலாக வருகிறது.

பதில்: முகம் விளக்கிலிருந்து 1 மீட்டர், திரை 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். திரையில் விழுவது ஒன்பதில் ஒரு பங்கு, 3 ஸ்டாப்புக்கு மேல் குறைவு. சாம்பலாகாமல் என்ன செய்யும்? திரைக்குத் தனி விளக்கு வையுங்கள், முடிந்தால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஆளைத் திரையிலிருந்து 2 மீட்டர் முன்னால் நிறுத்துங்கள். திரையின் அளவு முகத்தை விட 1 ஸ்டாப் அதிகம் இருந்தால் போதும்: முகத்துக்கு எஃப்/8 என்றால் திரைக்கு எஃப்/11. அதற்கு மேல் போனால் திரையிலிருந்து வெளிச்சம் திரும்பி வந்து முடியின் விளிம்பைத் தின்றுவிடும், படமே வெளிறிப்போகும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வெள்ளைச் சுவரைக் கறுப்பாக்கலாம். விளக்கு முகத்துக்கு 70 செ.மீ., சுவருக்கு 4 மீட்டர்: 5 ஸ்டாப் வித்தியாசம்.

கேள்வி: மஞ்சள் பல்பு எரியும் அறையில் முகம் சரியாகவும் பின்னணி கடும் ஆரஞ்சாகவும் வருகிறது. எந்த ஒயிட் பேலன்ஸ் (விளக்கின் நிறத்துக்கேற்பக் கேமராவில் செய்யும் நிறச் சரிசெய்தல்) வைத்தாலும் ஒன்று கெடுகிறது.

பதில்: இரண்டு நிறத்துக்கு ஒரு ஒயிட் பேலன்ஸ் எப்படிப் போதும்? ஃப்ளாஷ் சுமார் 5500 கெல்வின், பழைய வகை மஞ்சள் பல்பு 3000 கெல்வினுக்குச் சற்றுக் கீழே. ஃப்ளாஷ் முகப்பில் முழு ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத் தாள்) ஒட்டி, கேமராவை 3200 கெல்வினில் வையுங்கள். ஜெல் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் தின்னும். பின்னணியில் கொஞ்சம் கதகதப்பு இருக்கட்டும் என்றால் அரை ஜெல்.

கேள்வி: 200 வாட் எல்.ஈ.டி. வாங்கலாமா, 200 ஜூல் ஃப்ளாஷா?

பதில்: எண் ஒன்றாக இருப்பதால் குழம்ப வேண்டாம். ஷட்டர் 1/125ல் திறந்திருக்கும் நேரத்தில் 200 வாட் விளக்கு செலவழிப்பது 1.6 ஜூல்தான். ஃப்ளாஷ் 200ஐயும் அந்த நேரத்துக்குள் கொட்டிவிடும். எல்.ஈ.டி. மின்சாரத்தை ஒளியாக்குவதில் கெட்டிக்காரன் என்பதால் இடைவெளி கொஞ்சம் குறையும், இருந்தாலும் பல ஸ்டாப் பின்தங்கும். வீடியோவும் எடுப்பீர்கள் என்றால் எல்.ஈ.டி. நிழல் எங்கே விழுகிறது என்று கண்ணால் பார்த்துக் கற்க அது வசதி. எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 100ல் துல்லியமான படம் வேண்டும் என்றால் ஃப்ளாஷ்.

கேள்வி: அடுத்தடுத்து எடுத்தால் சில படங்கள் இருட்டாக வருகின்றன.

பதில்: ஃப்ளாஷுக்குள் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் மின்தேக்கி நிரம்புமுன் எடுக்கிறீர்கள். அல்கலைன் செல்லில் 1.5 வோல்ட் இருந்தாலும் உள்தடை அதிகம், வேகமாக மின்சாரம் தராது. 1.2 வோல்ட் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல் சீக்கிரம் நிரப்பும். நான்கையும் ஒரே செட்டாக வைத்து, ஒன்றாகவே சார்ஜ் செய்யுங்கள். முழு பவரில் விடாமல் அடித்தால் ஃப்ளாஷ் சூடேறித் தானே நின்றுவிடும்; இரண்டு ஃப்ளாஷை அரை பவரில் ஒரே குடைக்குள் வைத்தால் அதே வெளிச்சம், பாதி காத்திருப்பு.

கேள்வி: ஸ்டாண்டு அடிக்கடி சாய்கிறது.

பதில்: மூன்று கால்களில் ஒன்று, பெட்டி எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் இருக்க வேண்டும். மணல் மூட்டையை எதிர்ப்பக்கக் காலில் தொங்கவிடுங்கள். ஸ்டுடியோ விளக்கு விழுந்து ஃப்ளாஷ் குழாய் உடைந்தால் வெறும் கையால் தொடாதீர்கள்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.