டாக்டர் பதில்கள்: ஊசி வேண்டாம், சீட்டு மட்டும் போதுமா?

கேள்வி: உம்மாவும் வாப்பாவும் இன்னும் ஒரு மாதத்தில் உம்ராவுக்குப் போகிறார்கள். உம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. வாப்பா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். மூளைக்காய்ச்சல் ஊசி போட்ட சான்று கேட்கிறார்கள். டிராவல்ஸ்காரரோ, "ஊசி எதுக்கு காக்கா, ஊசி போட்டதா சீட்டை நான் வாங்கித் தர்றேன்" என்கிறார். மருந்துக்கடையில் பெட்டியைத் திருப்பிக் காட்டி, 55 வயசுக்கு மேல் போடக்கூடாது என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், கீழக்கரை

பதில்: டிராவல்ஸ்காரரிடம் விமான டிக்கெட்டை மட்டும் வாங்குங்கள் தம்பி. சீட்டு ஊசி போட்டவர் கையிலிருந்துதான் வர வேண்டும்.

என்னிடமும் இப்படிக் கேட்டு வருகிறார்கள். பெரிய மனிதர்கள் சிபாரிசோடு வருவார்கள். நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஏர்வாடியிலிருந்து தொண்டி வரை கிளினிக் வைத்திருக்கும் இளைய டாக்டர்களுக்கும் அதையே சொல்வேன்.

சவுதி இதைச் சும்மா கேட்கவில்லை. 1987 ஹஜ்ஜில், மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் கிருமியின் 'ஏ' வகை பரவியது. அதன் பிறகுதான் ஊசி கட்டாயம் ஆனது. 2000, 2001 ஆண்டுகளில் 'டபிள்யூ' என்ற வேறு வகை கிளம்பி, ஹாஜிகளோடு பல நாடுகளுக்குப் போய், பயணமே போகாத வீட்டுக்காரர்களையும் பிடித்தது. அதனால்தான் இப்போது ஏ, சி, டபிள்யூ, ஒய் நான்குக்கும் சேர்ந்த ஊசி கேட்கிறார்கள். பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2024-இல் கூட சவுதிப் பயணத்தோடு தொடர்புடைய 12 பேருக்கு அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன் நாடுகளில் இந்த நோய் கண்டது.

இந்தக் கிருமி தொண்டையில் சத்தமில்லாமல் குடியிருக்கும். சுமப்பவருக்கு ஒரு தும்மல்கூட இருக்காது. ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் வாங்க வீடு நிறைய ஆள் வருவார்கள், பேரப்பிள்ளைகள் மடியில் ஏறுவார்கள். வெறும் சீட்டோடு போய்வந்தவரால் ஆபத்து அவருக்கு மட்டுமில்லை. நோய் வந்துவிட்டால், நல்ல சிகிச்சை கிடைத்தாலும் பத்தில் ஒருவர் பிழைப்பதில்லை. பிழைத்தவர்களிலும் சிலருக்குக் காது கேட்காமல் போகும், சிலருக்கு விரலையோ காலையோ எடுக்க வேண்டிவரும்.

இனி உங்கள் வீட்டு விஷயம். 55 வயது என்பது சில கம்பெனிகள் சோதனை நடத்தி அனுமதி வாங்கிய எல்லை. அதைத் தாண்டினால் விஷம் என்று அர்த்தமில்லை. தேவை இருந்தால் அந்த வயதுக்கு மேலும் டாக்டர்கள் இதைப் போடுகிறார்கள். உம்மாவின் சர்க்கரையும் தடையில்லை. முன்பு ஏதாவது தடுப்பூசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாப்பா மாத்திரையை நிறுத்த வேண்டாம். மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். கை வலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் போய்விடும்.

சவுதியில் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். புதிய கான்ஜுகேட் வகை ஊசி என்றால் சான்று 5 வருடம் செல்லும், பழைய பாலிசாக்கரைடு வகை என்றால் 3 வருடம்தான். சீட்டில் வகையை எழுதாமல் விட்டால் 3 வருடமாகத்தான் கணக்கு வைப்பார்கள். எனவே மருந்தின் பெயர், வகை, பேட்ச் எண், தேதி எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

மதுரையிலிருந்து வாங்கி வருவதானால் ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் மீனுக்குப் போடுவதுபோல ஊசி மருந்தை ஐஸ்கட்டிக்குள் புதைத்துக் கொண்டுவருகிறார்கள். உறைந்த மருந்து குப்பைக்குத்தான். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் நேராகப் படாமல் துணியோ அட்டையோ நடுவில் இருக்கட்டும்.

கேள்வி: பாம்பன் பக்கம் புதிதாகக் கிளினிக் தொடங்கியிருக்கிறேன். பயணம் போகாதவர்களில் யாருக்கு இந்த ஊசியைச் சொல்வது? ஒரு வீட்டில் நோய் வந்துவிட்டால் மற்றவர்களுக்கு உடனே போடலாமா?
— இளம் மருத்துவர்

பதில்: எல்லோருக்கும் எழுதாதீர்கள் டாக்டர். விலை அதிகம், அரசு அட்டவணையிலும் இல்லை. மண்ணீரல் எடுத்தவர்கள், மண்ணீரல் செயலிழந்தவர்கள், ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் குறைவாக உள்ளவர்கள், வெளிநாட்டுக் கல்லூரி விடுதிக்குப் போகும் பிள்ளைகள் ஆகியோரைத் தேடிப் பிடித்துச் சொல்லுங்கள். மண்ணீரல் இல்லாதவருக்கு நிமோகாக்கல் ஊசியும் தேவை. சில மெனிங்கோகாக்கல் ஊசிகளுக்கு அதை முதலில் முடித்து 4 வாரம் இடைவெளி விட வேண்டும், கம்பெனித் தாளைப் படித்துவிட்டுத் தேதி கொடுங்கள்.

வீட்டில் நோய் வந்தால் முதல் காரியம் தடுப்பூசி இல்லை. கூடவே இருந்தவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பு ஆன்டிபயாடிக். பெரியவர்களுக்கு ஒரே வேளை சிப்ரோஃப்ளாக்சசின் போதும்; கர்ப்பிணிக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசி. சுகாதாரத் துறைக்கும் உடனே சொல்லிவிடுங்கள். காய்ச்சலோடு கழுத்து விறைத்து, கண்ணாடி டம்ளரால் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் செஃப்ட்ரியாக்சோன் முதல் டோஸைப் போட்டு, 108-ஐ அழைத்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லா ஊசியும் போட்டாச்சு. மூளைக்காய்ச்சலுக்குத் தனியாக வேண்டுமா?
— ஒரு தாய், தேவிபட்டினம்

பதில்: அந்த ஊசிகளிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது அம்மா. மூளைக்காய்ச்சல் தரும் கிருமிகளில், ஹிப் கிருமிக்கு பென்டாவேலன்ட்டில் மருந்து உண்டு, பி.சி.வி. நிமோகாக்கஸுக்கு, பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. காசநோய் மூளைக்காய்ச்சலுக்கு. 9 மாதத்தில் பி.சி.வி. மூன்றாவது டோஸ் விழுந்திருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். நிறையப் பேர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மெனிங்கோகாக்கல் ஊசி தனியாக, மேலே சொன்ன பட்டியலில் இருப்பவர்களுக்கும் உம்ரா, ஹஜ் போகிறவர்களுக்கும்தான்.