வாசகர் கேள்வி – பதில்: மண்ணுக்குள் குடியிருக்கும் கூபர் பீடி

சென்ற இதழில் ஆஸ்திரேலியாவின் ஓபல் என்ற ரத்தினக்கல் எடுக்கும் சுரங்க ஊரான கூபர் பீடி பற்றி எழுதியிருந்தோம். அடிலெய்டிலிருந்து வடக்கே 846 கி.மீ. தள்ளி, பாலைவனத்தின் நடுவே இருக்கிற ஊர். மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் குன்றைக் குடைந்த வீடுகளில் வசிக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: தூணும் உத்தரமும் இல்லாத வீட்டில் எப்படிப் பயமில்லாமல் தூங்குகிறார்கள்? தோண்டும் முறையைச் சொல்லுங்கள்.
(வாசகி, நாமக்கல்)

அங்குள்ள பாறை மென்மையான மணற்பாறை, களிப்பாறை வகை. வெட்ட இளகிக் கொடுக்கும். வெட்டிய பிறகு தானாகவே நிற்கும். குகை வீட்டை அங்கே 'டக்அவுட்' என்பார்கள். முதலில் குன்றின் சரிவை புல்டோசரால் செங்குத்தாகச் சீவி, முகப்புச் சுவர் போல ஆக்குவார்கள். அதிலிருந்து சுரங்கம் குடையும் இயந்திரத்தை உள்ளே செலுத்துவார்கள். அறைச் சுவரில் அந்த இயந்திரத்தின் பற்கள் விட்டுப்போன வளைவு வளைவான கீறல்களை இன்றும் பார்க்கலாம். பலர் அதையே அலங்காரமாக விட்டுவிடுகிறார்கள்.

ஜன்னல் முகப்பில் மட்டும்தான். பின்னறைகளுக்குக் கூரையைத் துளைத்து மேலே வரை காற்றுக்குழாய் விட வேண்டும். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் அறை புழுங்கும். வெறும் பாறை சதா தூசு உதிர்த்துக்கொண்டே இருக்கும் என்பதால், தண்ணீர் கலந்த பி.வி.ஏ. பசையைச் சுவரிலும் கூரையிலும் பூசுவார்கள். பாறையின் சிவப்பும் வெள்ளையும் மறையாது, தூசு மட்டும் அடங்கிவிடும்.

இந்தப் பாறைக்கு ஆகாதது ஈரம்தான். அதனால் சமையலறையையும் குளியலறையையும் பெரும்பாலும் வாசல் பக்கம் வைப்பார்கள். குழாய் கசிந்தால் உடனே தெரியும், கழிவுநீரும் சுலபமாக வெளியேறும். மழைக்குப் பெரிய பயமில்லை. ஆண்டு முழுவதும் சேர்த்தே 150 மி.மீ.க்கும் குறைவுதான்.

வெளியே 45 டிகிரி கொளுத்தும்போதும் உள்ளே 23 முதல் 25 டிகிரிதான். ஏசி தேவையில்லை.

கேள்வி: அப்படியானால் நம் ஊரிலும் குடைந்தால் என்ன?
(வாசகர், வேலூர்)

பலன் தராது. நாலைந்து மீட்டர் ஆழத்தில் பகல் இரவு, கோடை குளிர் வித்தியாசமெல்லாம் கரைந்துபோய், அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பம்தான் மிஞ்சும். கூபர் பீடியின் இரவுகளும் குளிர்காலமும் நன்றாகக் குளிரும். அதனால் அங்கே சராசரி 20 டிகிரியைச் சற்றுத் தாண்டியதுதான். நம் சமவெளி ஊர்களில் அது 28 டிகிரியை ஒட்டி இருக்கும். சித்திரை வெயிலில் கிணற்றுக்குள் இறங்கினால் சில்லென்று இருக்கிறதே என்று தோன்றும். 40 டிகிரியிலிருந்து 28க்கு இறங்கும் சுகம் அது. அங்கேயே குடியிருந்தால் புழுக்கம் தாங்காது. வடகிழக்குப் பருவமழையில் சுவர் ஊறிப் பூஞ்சை பிடிப்பது தனிக் கஷ்டம்.

கேள்வி: சுரங்க ஊர் என்றால் ஒரு பெரிய கம்பெனி, அதன் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே கம்பெனி பெயரே வரவில்லையே?
(வாசகர், நெய்வேலி)

நல்ல கேள்வி. இந்த ஊரின் சுபாவமே இதில்தான் இருக்கிறது. நிலக்கரியும் தங்கமும் படிவமாக ஓடும். துளையிட்டுப் பார்த்து இவ்வளவு டன் என்று கணக்குப் போடலாம், கணக்கைக் காட்டி முதலீடு திரட்டலாம். ஓபல் அப்படிப் பிடிகொடுக்காது. ஓரிடத்தில் கொத்தாகக் கிடைக்கும், ஒரு கை தள்ளினால் ஒன்றுமிருக்காது. எந்தக் கம்பெனி இதற்குப் பணம் போடும்? சட்டமும் சிறியவர்கள் பக்கம்தான்: அனுமதிச் சீட்டு வாங்கி, 50க்கு 50 அல்லது 100க்கு 50 மீட்டர் நிலத்துக்கு நான்கு மூலையிலும் முளையடித்துப் பதிவு செய்வதுதான் வழக்கம். ஆகவே இரண்டு மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து செய்யும் தொழிலாகவே நிலைத்துவிட்டது.

1915 பிப்ரவரி 1 அன்று, தங்கம் தேடிவந்த குழுவிலிருந்த வில்லி ஹட்சிசன் என்ற 14 வயதுப் பையன் கண்ணில்தான் முதல் ஓபல் பட்டது. முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள், பதுங்குகுழி வெட்டிய கையோடு இங்கே வந்து குகை வீடு வெட்டினார்கள். 1946இல் டாட்டி பிரையன்ட் என்ற பழங்குடிப் பெண் 'எட்டு மைல்' பகுதியில் ஓபல் கண்டபிறகு, படுத்துக் கிடந்த ஊர் எழுந்தது. 1960களில் கிரேக்கர், செர்பியர், குரோவேஷியர், இத்தாலியர் என ஐரோப்பாவிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள். செர்பியர்களின் தேவாலயமும் பாறைக்குள்தான். இன்று சுமார் 1,500 பேர். சுற்றுலாவும் சோறு போடுகிறது.

தொழில்முறை இதுதான்: ஒரு மீட்டர் அகலத் துளையைப் பல மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, வந்த மண்ணில் ஓபலின் நிறம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தால் கீழே பக்கவாட்டில் குடைவார்கள். மண்ணை மேலே கொண்டுவர 'புளோயர்' என்ற லாரி இருக்கிறது. ராட்சத வேக்குவம் கிளீனர் என்றே சொல்லலாம். குழாய் வழியே மண்ணை உறிஞ்சி, டிரம் நிறைந்ததும் பக்கத்திலேயே கொட்டிவிடும். பாலைவனம் முழுக்கத் தெரியும் கூம்புக் குவியல்கள் அப்படி வந்தவைதான்.

அவற்றில் தவறிப்போன ஓபலைப் பொறுக்குவது 'நூட்லிங்'. அதற்கென ஊருக்குள் ஒதுக்கிய இடத்தில் யாரும் பொறுக்கலாம். பிறர் நிலத்தில் உரியவர் சம்மதம் வேண்டும். இயந்திரம் வைத்துச் செய்பவர்கள் மண்ணை இருட்டுக் கூண்டுக்குள் பெல்ட்டில் ஓட்டி, புற ஊதா விளக்கில் வெளிறி ஒளிரும் துண்டுகளைப் பொறுக்குவார்கள். எங்கும் பின்னால் நகர்ந்தபடி போட்டோ எடுக்கவே கூடாது. மூடாத பழைய துளைகள் லட்சக்கணக்கில் உள்ளன; விளிம்பில் சறுக்கினால் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது.

கேள்வி: தண்ணீர், கரண்ட்?
(வாசகி, சாயல்குடி)

தண்ணீர் சுமார் 24 கி.மீ. தொலைவிலுள்ள ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. உப்பு நீர், ஆர்.ஓ. ஆலையில் சுத்தம் செய்த பிறகே வீடுகளுக்கு. விலை அதிகம் என்பதால் புல்வெளி என்ற பேச்சே இல்லை. கோல்ஃப் மைதானத்தில்கூடப் புல் கிடையாது. ஆட்டக்காரர்கள் சிறு புல்துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துப்போய், அதன்மேல் பந்தை வைத்து அடிக்கிறார்கள். நாட்டு மின்கட்டமைப்போடு தொடர்பு இல்லாததால் முன்பு முழுக்க டீசல்தான். 2017 முதல் 4 மெகாவாட் காற்றாலை, 1 மெகாவாட் சூரிய சக்தி, பேட்டரி எல்லாம் சேர்ந்து தேவையில் சுமார் 70 சதவீதத்தைத் தருகின்றன.

கேள்வி: சுக்கிரனுக்காக வாங்கிய ஓபல் மோதிரம் ஒரே வருடத்தில் மங்கிவிட்டது. போலியா?
(வாசகி, கும்பகோணம்)

போலி என்று முடிவுகட்ட வேண்டாம். கல்லைப் பக்கவாட்டில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். நூல் பிடித்தாற்போல நேர்கோடு தெரிந்தால் அது ஒட்டுக்கல். மெல்லிய ஓபல் சீவலுக்குக் கீழே கறுப்புத் தகடு ஒட்டியது டப்லெட். மேலேயும் தெளிந்த மூடி ஒட்டியது டிரிப்லெட். பாத்திரம் தேய்க்கும் தண்ணீர் பசைக்குள் புகுந்தால் இப்படித்தான் ஓரத்திலிருந்து சாம்பல் பூக்கும். அதைச் சரிசெய்வது கடினம். கோடே இல்லாமல் சிலந்திவலை போல விரிசல் தெரிந்தால் அது முழுக்கல்லாக இருக்கலாம். ஓபலுக்குள்ளேயே தண்ணீர் உண்டு. அடுப்புச் சூட்டில் அது வற்றினால் வெடிப்பு விடும். எதுவானாலும் நகைக்கடையின் அல்ட்ராசோனிக் தொட்டியிலோ நீராவியிலோ போடச் சொல்லாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, சமையலுக்கு முன் கழற்றி வையுங்கள்.