வெடிப்பைப் பூச முன்னர் மேட்டைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் பண்டாரவளைப் பக்கம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொட்டிய மழையில் வீட்டுக்குப் பின்னால் மேடு சரிந்து குசினிச் சுவர் விழுந்துவிட்டது. முன் அறையில் யன்னல் மூலையிலிருந்து மேலே படிபடியாக ஒரு வெடிப்பு. தரையிலும் ஒரு கோடு ஓடுகிறது. கட்டாரில் இருக்கும் மகன் காசு அனுப்புகிறேன் என்கிறான். மேசன் பாஸோ, "வெடிப்பை வெட்டிப் பூசிவிட்டு, குசினியை அதே இடத்தில் எழுப்பிவிடலாம், பத்து நாள் வேலை" என்கிறார். எஞ்சினியரைக் கூப்பிடத்தான் வேண்டுமா? வந்தால் அவர் எதைப் பார்ப்பார்?

பதில்: கூப்பிடுங்கள். அவர் வரும்வரை பாஸ் சீமெந்துச் சட்டியைத் தொடவேண்டாம். வீட்டுக்கு என்ன நடந்தது என்பதற்கு இப்போது உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்த வெடிப்புதான். அதைப் பூசி பெயின்ட் அடித்த பிறகு வருகிற எஞ்சினியர், நோயாளி பவுடர் பூசிக்கொண்டு வந்தால் டொக்டர் முழிப்பதுபோல முழிக்க வேண்டியதுதான். விழுந்த சுவரையும் படம் எடுக்காமல் அள்ளிக் கொட்டாதீர்கள். நட்டஈட்டுக்குப் பார்க்க வருபவர்களுக்கும் அது வேண்டும்.

நீங்கள் எழுதியதில் என்னை யோசிக்க வைத்தது குசினி இல்லை, தரையில் ஓடும் கோடு. அது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். அறைக்குள்ளேயே நின்றுவிட்டால், தரைக்கு அடியில் நிரப்பிய மண் அமர்ந்திருக்கலாம். அது பெரிய விஷயமில்லை. ஆனால் சுவருக்கு அடியால் போய், முற்றத்திலும் அப்பால் தேயிலைக்குள்ளும் தொடர்ந்தால், வெடித்திருப்பது வீடு இல்லை, நிலம். நிலம் நகரும்போது மேலே எந்தச் சுவர் கட்டினாலும் அதுவும் சேர்ந்தே நகரும்.

ஆகவே முதல் வேலை வீட்டுக்கு வெளியே. மழை இல்லாத ஒரு நாளில், கூட ஒருவரை வைத்துக்கொண்டு, மேட்டுக்கு மேலே ஏறிப் பாருங்கள். நிலத்தில் பிறை வடிவில் வெடிப்பு இருக்கிறதா? நேராக நின்ற மரமோ லைட் கம்பமோ சாய்ந்திருக்கிறதா? முன்பு இல்லாத இடத்தில் ஊற்று வருகிறதா, அல்லது தெளிவாக வந்த பீலித் தண்ணீர் கலங்கி வருகிறதா? அப்புறம் கீழே இறங்கி, சரிவின் அடியில் மண் வயிறுபோலப் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நில வெடிப்பு கண்ணில் பட்டால் களிமண்ணால் இறுக்கி அடைத்து, மேலே பொலித்தீன் போட்டு மூடுங்கள். அடுத்த மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கக்கூடாது. இது வைத்தியம் இல்லை, முதலுதவி மட்டுமே. இந்த அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும், ஆய்வு முடியும்வரை அந்த வீட்டில் இருக்காதீர்கள்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், இதேபோல ஒரு வீட்டை உள்ளேயே சுற்றிப் பார்த்துவிட்டு, "சுவர் திடமாக இருக்கிறது, பூசிக்கொள்ளலாம்" என்று எழுதிக் கொடுத்தேன். பின்பக்கம் மேட்டில் மலசலகூடக் குழி இருந்தது, கூரைத் தண்ணீரும் அங்கேதான் விழுந்து இறங்கியது. நான் ஏறிப் பார்க்கவில்லை. அடுத்த மாரியில் ஒரு மூலை ஒரு சாண் இறங்கியது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்ட முன்னர் மேட்டில்தான் ஏறுகிறேன்.

நிலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். கிராம அலுவலர் மூலம் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், அங்கிருந்து அவர்களிடம் போகும். பதுளை மாவட்டம் மண்சரிவு அபாய மாவட்டம், அவர்களுடைய அறிக்கை இல்லாமல் புதிதாகக் கட்ட அனுமதி எடுப்பதும் கஷ்டம். கேட்டு அலைந்தவர்கள் இதைச் சலிப்போடு சொல்வார்கள், அது நியாயமும்தான். புயலுக்குப் பிறகு வரிசை நீளம். ஆனாலும் காத்திருங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போனதை உங்கள் பக்கத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது.

நிலம் நின்றுவிட்டது, இருக்கலாம் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் வீட்டின் முறை. அதற்குப் பட்டயப் பொறியியலாளர் ஒருவரைப் பிடியுங்கள். முடியாவிட்டால் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் முதல் பார்வைக்காவது வருவார். பெரிய கருவி எதையும் எதிர்பார்க்காதீர்கள். தூக்குக்குண்டு, சுத்தியல், அடிமட்டம், தண்ணீர் நிரப்பிய நீண்ட ரியூப், ஒரு மண்வெட்டி. ஒரு வீட்டுக்கு இவையே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

ரியூபைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். வீடு கட்டும்போது யன்னல்களின் அடி விளிம்புகள் எல்லாம் ஒரே உயரத்தில்தான் வைக்கப்பட்டிருக்கும். ரியூபின் ஒரு நுனியை ஒரு யன்னலில் பிடித்து, மறுநுனியை மூலை மூலையாகக் கொண்டுபோனால் எந்த மூலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தண்ணீர் காட்டிவிடும். உங்கள் வீட்டில் வெடிப்பு படிபடியாக ஏறுவதால் ஒரு பக்கத்து அத்திவாரம் இறங்கியிருக்கும் என்பது என் ஊகம். இறங்கிய மூலையில் அத்திவாரத்தை ஒட்டிக் குழி ஒன்று வெட்டிப் பார்க்கவேண்டும். அடியில் தண்ணீர் மண்ணை அரித்துப் பொந்தாக்கியிருந்தால் அங்கேதான் தெரியும். தூக்குக்குண்டு விடும்போது 10 அடிச் சுவர் ஓர் அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தால், அதன் பக்கத்தில் யாரும் படுக்கவேண்டாம்.

எல்லா வெடிப்பும் ஒன்றில்லை. பூச்சில் வலைபோல ஓடும் மயிர்க்கோடுகள் பூச்சு காய்ந்ததால் வருபவை. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்டது, மேலும் விரியவில்லை என்றால் பெரும்பாலும் திருத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் காரணம் தெரியாமல் தொடக்கூடாது. மேட்டுப் பக்கத்துச் சுவரில், நடு உயரத்தில் கிடையாக ஒரு வெடிப்பு வந்தால் அகலத்தையே பார்க்காதீர்கள். மண் சுவரைத் தள்ளுகிறது என்று அர்த்தம். கொங்கிரீட் தூணும் வளையும் சேருமிடத்தில் சாய்வாக வெடித்து, கம்பி தெரிந்தாலும் அப்படித்தான், உடனே முட்டுக் கொடுக்க வேண்டும்.

விரிகிறதா இல்லையா என்பதை நீங்களே பார்க்கலாம். வெடிப்பின் இரு பக்கமும் பென்சிலால் ஒவ்வொரு சிலுவைக் குறி போடுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அடிமட்டத்தால் அளந்து, திகதியோடு சுவரிலேயே எழுதுங்கள். வாரம் ஒரு முறை, பெருமழைக்கு மறுநாள் கட்டாயமாக, மறுபடி அளந்து எழுதுங்கள். எஞ்சினியர் ஒரு மணித்தியாலம்தான் வீட்டில் நிற்பார், அந்தச் சுவர் இரண்டு மாதக் கதையை அவருக்குச் சொல்லும். அவர் சொல்வதை வாயால் கேட்டு விட்டுவிடாமல், படத்தோடு எழுத்தில் வாங்குங்கள்.

குசினி அதே இடத்தில் வேண்டாம். மேட்டை வெட்டி, வெட்டிய மண்ணோடு ஒட்டியே குசினிச் சுவரை வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். 6 அங்குலப் புளொக் கல் சுவர் கூரையைத் தாங்கும், மலையைத் தாங்காது. மண் தாங்க வேண்டுமென்றால் தனியாக ஒரு கல்லுக்கட்டு, பின்னால் சல்லி, தண்ணீர் வெளியேற ஓட்டைகள். அதற்கும் வீட்டுக்கும் நடுவே ஆள் இறங்கிக் கானைத் துப்புரவாக்க இடமாவது இருக்க வேண்டும். எவ்வளவு என்பதை மேட்டின் உயரத்தையும் மண்ணையும் பார்த்துத்தான் சொல்லமுடியும்.

லயத்தில் இருப்பவர்களும் இதே கேள்வியை அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் காம்பராவை மட்டும் தனியாகப் பரிசோதிக்க முடியாது. சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொது, கூரையும் ஒன்று. தொங்கல் காம்பராவிலிருந்து தொடங்கி முழு லயத்தையும் பார்க்கவேண்டும், நிர்வாகத்தின் சம்மதமும் வேண்டும். பழைய லயங்களில் கல்லை மண்சாந்தில் அடுக்கியிருந்தால், நனைந்த சுவர் காயப் பல வாரம் எடுக்கும். காயும்போதும் வெடிக்கும். அவசரப்பட்டு சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுவிடும்.

அறிக்கை வரும்வரை வானிலைச் செய்தியில் ஒரு காது இருக்கட்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் வெளியேறத் தயார், 150 என்றால் வெளியேறுவது. எச்சரிக்கை நிறம் அறிவிக்கும்வரை காத்திருக்காமல், கதவு திடீரென்று இறுகினாலோ மேட்டில் மண் உதிரும் சத்தம் கேட்டாலோ இறங்கிவிடுங்கள்.

மகனிடம் சொல்லுங்கள், முதல் காசில் குசினிக்குக் கல் இறக்கவேண்டாம். கூரைக்குப் பீலி, அதிலிருந்து தண்ணீரை மேட்டுக்கு விடாமல் கீழே கொண்டுபோகும் குழாய், மேட்டுக்கு மேல் அடைபட்டுக் கிடக்கும் கான். இவற்றுக்கு யாருடைய அறிக்கையும் தேவையில்லை, பாஸ் நாளைக்கே தொடங்கலாம்.